பால் மாதிரி

விளாங்குடி நல்லகாமனுக்கு எண்களோடு ஒரு பகையும் கிடையாது. ஓர் எருமை, ஒரு பித்தளைக் குடம், ஒரு பெண்டாட்டி, சிம்மக்கல்லில் ஆறு வீட்டு வாடிக்கை, அம்புட்டுத்தான் அவன் கணக்கு. எண்ணி முடித்தாலும் கையில் ஒரு விரல் மிச்சம் இருக்கும். எண்ணுக்கு நடுவில் புள்ளி வைக்கலாம், புள்ளிக்குப் பின்னாலும் நாலு எண் வரலாம், அந்த நாலும் சேர்ந்து ஒரு மனுசன் பிழைப்பை மறிக்கலாம் என்பதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில்தான் அவனுக்குத் தெரிய வந்தது.

அந்த வருஷம் மதுரைப் பட்டணத்துப் பாலில் தண்ணீர் இருப்பதாக யாரோ பத்திரிகைக்கு எழுதிவிட்டார்கள். இருந்ததும் உண்மைதான். பெரிய மனுசர்கள் கூடிப் பேசினார்கள். தண்ணீர் ஊற்றுகிறவனைத் தேடிப் பிடிப்பதென்றால் விடியக்காலையில் எழுந்திருக்க வேண்டும்; ஆபீஸ் திறப்பதென்றால் பத்து மணிக்கு மேல் வந்தால் போதும். ஆகவே சிம்மக்கல்லில் ஒரு மாடிக் கட்டிடத்தைப் பிடித்து ‘வட்டாரப் பால் பரிசோதனைக் கழகம்’ என்று பலகை மாட்டினார்கள். பட்டணத்துக்குள் வரும் ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஓர் அவுன்ஸ் பால் மாதிரி எடுக்கப்படும். மாதிரி தேறினவனுக்குத்தான் துண்டில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை. வில்லை இல்லாதவன் பால் விற்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

கழகத்துக்குத் தலைவராக வந்தவர் சூப்பிரண்டு கிருபாகரன். ரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவர். நல்ல மனுசன், யாரிடமும் கை நீட்டாதவர், மணி கேட்டால்கூட விநாடி வரைக்கும் சொல்லிவிட்டு, விநாடி முள் கொஞ்சம் தாண்டிவிட்டதற்காக வருத்தப்படுகிறவர். திறப்பு விழாவில் அவர் பேசினது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது.

“இதுவரை மதுரை ஜனங்கள் பாலைக் குடித்துப் பார்த்து, நல்லது கெட்டது என்று முடிவு செய்து வந்தார்கள். அந்த அநாகரிகம் இன்றோடு ஒழிந்தது. இனிமேல் நான் எண்ணைச் சொல்வேன். நீங்கள் அதை நம்பிக் குடிக்கலாம்.”

ஜனங்கள் கை தட்டினார்கள். நல்லகாமனும் தட்டினான். சுத்தமான பால் விற்கிறவனுக்குப் பரிசோதனை என்றால் என்ன பயம்? சொல்லப்போனால் உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம். பக்கத்தில் ஆரப்பாளையத்து விருமாண்டி நின்றான். ஆடையை வீட்டிலேயே வழித்து வைத்துக்கொண்டு, குறைந்த இடத்தை வைகைத் தண்ணீரால் நிரப்புகிற ஆள். அவன் கை தட்டவில்லை. ஒழிஞ்சான் பய என்று நல்லகாமன் நினைத்துக்கொண்டான்.

கழகத்தின் உயிர் ஒரு தராசில் இருந்தது. கப்பலில் வந்த தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு தாளை நிறுத்து, அதே தாளில் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வைத்தால் மையின் எடையைத் தனியாகச் சொல்லிவிடுமாம். பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்து அதில் வைக்கிற நேரத்துக்கு மணி அடிப்பார்கள். கூரையில் ஆடுகிற பங்கா விசிறி நிற்கும். சன்னல்களைச் சாத்துவார்கள். ஹெட்கிளார்க் மைக்கேல்ராஜுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம், தும்மித் தொலைத்துவிடுவார் என்று அவரைப் படிக்குக் கீழே அனுப்பிவிடுவார்கள். தெருவில் ஒரு போலீஸ்காரர் ஜட்கா வண்டிகளை நிறுத்தி வைப்பார். மாடியில் இருக்கிறவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை அப்படியே ஓர் உதவியாளர் மயங்கி விழுந்துவிட்டார். விழுந்த அதிர்வில் நாலாவது தசமம் மாறிப்போனதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

இம்புட்டுப் பத்திரமாக நிறுக்கிற பாலைக் குடத்திலிருந்து எடுத்தது யார் என்று கேட்டால், பியூன் சோணை. கழகத்தின் விதிப்புத்தகம் அறுபத்துநாலு பக்கம். பால் மாடி ஏறின பிறகு அதை என்னென்ன செய்ய வேண்டும் என்று அறுபத்துமூன்றே முக்கால் பக்கம் சொல்கிறது. குடத்திலிருந்து எப்படி எடுப்பது என்பதற்கு ஒரே வரி: ‘பால் மாதிரியைப் பியூன் எடுத்து வருவான்.’

சோணையும் எடுத்து வந்தான். கொட்டாம்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவன், வஞ்சனை தெரியாதவன். கையில் ஒரு சிரட்டை அகப்பை, வலது தோளில் ஒரு பிடிப்பு. தோள் வலிக்கிற நாளில் அகப்பையைப் பாலின் மேலாக ஒரு தடவு தடவி எடுப்பான். தைலம் தேய்த்துக் கை இறங்கின நாளில் அடிக்குடம் வரைக்கும் விட்டு அள்ளுவான். அறுபத்துநாலு பக்கத்திலும் அவன் தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பால்காரர்கள் காலை ஆறு மணிக்குக் கழக வாசலில் குடத்தை வரிசையாக வைத்துவிட வேண்டும். சோணை எட்டு மணிக்கு வருவான். அதுவரைக்கும் குடத்தைத் தொடக்கூடாது. ஊரே காப்பிக்கு ஏங்கிக் கிடக்கும், அது வேறு விஷயம். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் நல்ல பால் என்ன செய்யும்? கொழுப்பு மேலே ஏறித் திரண்டு நிற்கும், அடியில் நீர்த்த பால் தங்கும். அடுப்படியில் நிற்கிற அத்தனை பொம்பளைகளுக்கும் தெரிந்த சங்கதி. மாடியில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நல்லகாமன் விற்கிற முறையே வேறு. ஒவ்வொரு வாசலிலும் குடத்துக்குள் கரண்டியை விட்டு மூணு சுத்துக் கலக்கிவிட்டுத்தான் ஊற்றுவான். முதல் வீட்டுக்கு ஆடையும் கடைசி வீட்டுக்கு அடிப்பாலும் போகக்கூடாது, எல்லாருக்கும் ஒன்றுபோலப் போகணும். அவன் அப்பன் பழக்கிவிட்ட பழக்கம். கடைசி வீடு மரியம்மாள் டீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, எட்டு வருஷத்து வாடிக்கை. பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அளவு சரியா என்று பார்த்ததில்லை, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்ததும் இல்லை. அதில்தான் நல்லகாமனுக்குப் பெருமை. ஊரில் யாரோடாவது பேச்சு முற்றினால், “டீச்சரம்மா எம் பாலப் பாக்காம வாங்குறாக, தெரியும்ல?” என்பான். அதற்கு மேல் ஒரு நற்சாட்சி இருப்பதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை.

பரிசோதனை தொடங்கின முதல் வாரமே அவனுக்கு நோட்டீஸ் வந்தது. டீச்சர்தான் படித்துச் சொன்னார். மேற்படி நல்லகாமன் குடத்துப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 11.3826. எருமைப் பாலுக்கு ஏழு. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். மேற்படியான் பாலில் வெண்ணெய் அல்லது நெய் சேர்த்ததாக ஐயம் ஏற்படுகிறது. நல்லகாமன் விழுந்து விழுந்து சிரித்தான். நெய்யை ஊற்றிப் பாலாக விற்கிற கிறுக்கன் இந்த ஜில்லாவில் எவனாவது இருக்கிறானா? அன்றைக்குச் சோணைக்குத் தோள்வலி.

இரண்டாவது நோட்டீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. 3.2047. மேற்படியான் தண்ணீர் சேர்த்திருக்கிறான். அன்றைக்குச் சோணைக்குத் தோள் தேவலை. ஆக, திங்கட்கிழமை நெய்யும் வியாழக்கிழமை தண்ணீரும் ஊற்றுகிற விசித்திரக் கள்ளனாக நல்லகாமன் கழகத்துக் காகிதத்தில் ஏறிவிட்டான். தொடக்கத்தில் எல்லாருக்கும் கொடுத்திருந்த தற்காலிக வில்லையை மூன்றாவது நோட்டீஸ் வந்தால் பிடுங்கிவிடுவார்கள். வில்லை போனால் ஆறு வீடும் போகும். ஆறு வீடு போனால் சீமாட்டியைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

சீமாட்டி என்பது எருமை. கன்றாக வந்த நாளிலிருந்து வளர்த்தவள் அவன் பெண்டாட்டி ஒச்சாயி. அவள் கை பட்டால்தான் அது பால் சுரக்கும், வேறு ஆள் உட்கார்ந்தால் காலைத் தூக்கிவிடும். சந்தை என்ற வார்த்தையை நல்லகாமன் வாய் தவறிச் சொன்ன அன்றைக்கு ஒச்சாயி சோறு வைக்கவில்லை.

விஷயத்தை நேரில் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நல்லகாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடி ஏறினான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலே எடுத்தால் ஒரு எண், கீழே எடுத்தால் ஒரு எண். இதைச் சொன்னால் பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சூப்பிரண்டு அவனை மரியாதையாகத்தான் விசாரித்தார். பாலில் என்ன சேர்க்கிறாய் என்றார். ஒண்ணும் சேர்க்கிறதில்லை என்றான். அப்புறம் எண் ஏன் மாறுகிறது என்றார்.

“கலக்காம எடுத்தா மாறத்தான செய்யும் சாமி. நான் எப்பவும் கலக்கித்தான் ஊத்துவேன். எங்கப்பன் காலத்துலருந்தே நாங்க கலக்கித்தான் விக்கிறோம்.”

தராசுக்கு மணி அடித்தபோதுகூட அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. மைக்கேல்ராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். ‘தானும் தன் தகப்பனும் தலைமுறையாகப் பாலைக் கலக்கி விற்று வருவதாகவும், கலக்காமல் விற்றதே இல்லை என்றும் மேற்படியான் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டான்.’ எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். நல்லகாமன் கவனமாகக் கேட்டான். அவன் சொன்னதற்கு ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தான்.

மறுநாள் கழக வாசலில் புதுப் பலகை தொங்கியது: ‘இவ்விடத்தில் பாலைக் கலக்குவது கண்டிப்பாகத் தண்டிக்கப்படும்.’ பலகையைப் படித்துச் சொன்னவன் சோணைதான். அவனுக்கும் நல்லகாமன்மேல் இரக்கம் உண்டு. “மாப்ள, நீ சொல்றது எனக்கு வெளங்குது. ஆனா கலக்கி எடுக்கச் சொல்லிப் பொஸ்தகத்துல இல்லயே. இல்லாதத நான் செஞ்சா என் சோத்துல மண்ணு விழுந்துரும்” என்றான். நியாயம்தான், அவனுக்கும் குடும்பம் இருந்தது.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து நல்ல தாளில் ஒரு மனு எழுதினார். எட்டு வருஷமாக இவர் பாலைக் குடித்து வருகிறோம், இதைவிடச் சுத்தமான பாலைக் கண்டதில்லை என்றும், சந்தேகம் இருந்தால் ஒரே குடத்தில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மாதிரி எடுத்துப் பாருங்கள், உண்மை தானே தெரியும் என்றும் எழுதினார். பதில் பத்து நாளில் வந்தது. ‘தங்கள் மனுவின் முதல் பத்தி ஏற்கப்படவில்லை. தங்கள் நாக்கு இக்கழகத்தில் பதிவு செய்யப்பட்டு முத்திரை பெற்றதாகத் தெரியவில்லை. வேலை நாட்களில் பதினொரு மணிக்கு மேல் மேற்படி நாக்கை நேரில் கொண்டுவந்தால் தகுதி பரிசீலிக்கப்படும். இரண்டாம் பத்தி ஏற்கப்பட்டது.’ இரண்டாம் பத்தியை ஏன் ஏற்றார்கள் என்றால், மூன்று மாதிரி என்றால் மூன்று எண் கிடைக்கும். எண் கூடுவதில் சூப்பிரண்டுக்கு எப்போதுமே ஓர் ஆசை.

குறித்த நாளில் நல்லகாமன் குடத்தைச் சுற்றிக் கழகமே நின்றது. எட்டு மணி ஆனதும் சோணை முக்கி முனகி மூன்று மட்டத்திலும் எடுத்தான். மணி அடித்தது, பங்கா நின்றது, ஜட்காக்கள் நின்றன. மேலே 11.4019. நடுவே 6.9880. அடியில் 3.1964. அப்பாடா, தப்பித்தோம் என்று நல்லகாமன் பெருமூச்சு விட்டான். ஒரே குடம், எல்லார் கண் முன்னாலும் எடுத்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கிருபாகரன் எழுந்து நின்று பேசினார்.

“இந்தத் தராசு பொய் சொல்லாது. ஒரு பாலுக்கு ஓர் எண்தான் இருக்க முடியும். மூன்று எண் வந்திருப்பதால் மூன்று பால் இருக்கிறது. மூன்று பால் இருப்பதால் மூன்று குடம் இருந்தாக வேண்டும். ஒரு குடம் இதோ இருக்கிறது. மற்ற இரண்டையும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?”

நல்லகாமன் தன்னையறியாமல் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதையும் மைக்கேல்ராஜ் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானமே கழகம் இரண்டு வண்டியில் விளாங்குடிக்குப் போனது. வீட்டைச் சோதனை போட்டதில் சரியாக இரண்டு மண்குடம் அகப்பட்டது. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் எருமைக்கு வைத்திருந்த கழனித் தண்ணீர். கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதைக் கண்டு சூப்பிரண்டுக்கே மெய்சிலிர்த்துவிட்டது. இரண்டுக்கும் அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். குடிக்கத் தண்ணிக்கு நான் எங்க போறது என்று ஒச்சாயி கேட்டாள். விசாரணை முடிந்ததும் தண்ணீரைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

வந்தது வந்தாகிவிட்டது, பாலை அது பிறக்கிற இடத்திலேயே பிடித்துப் பார்த்துவிடலாம் என்று சூப்பிரண்டுக்கு ஒரு யோசனை. ஒச்சாயியைக் கறக்கச் சொன்னார். முதல் பீச்சில் ஒரு குப்பி, கடைசிப் பீச்சில் ஒரு குப்பி எடுத்துச் சீல் வைத்தார். முதலில் வருகிற பால் நீர்த்து வரும், கடைசியில் வருவது கெட்டியாக வரும் என்று ஒச்சாயி அப்போதே சொன்னாள்; அவள் நாக்கும் பதிவாகாத நாக்குத்தான். எண் வந்தது: முதல் குப்பி இரண்டு புள்ளி சொச்சம், கடைசிக் குப்பி பத்து புள்ளி சொச்சம். கோப்பில் ஒரு புதுப் பக்கம் ஏறியது. ‘கலப்படம் மடியிலேயே தொடங்குகிறது. மேற்படி எருமை இதற்கு உடந்தை.’ சீமாட்டிக்கு ஒரு நம்பரும் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் வில்லை அந்த மாதமே போயிருக்கும். போகாமல் தடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு கடிதம். அதுவரைக்கும் வந்த எண்களை எல்லாம் அட்டவணை போட்டுக் கழகம் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தது. அதைப் பார்த்த யாரோ ஓர் அதிகாரி இரண்டே வரி எழுதியிருந்தார். ‘ஒரே ஆளின் பால் பதினொன்று, ஏழு, மூன்று என்று குதிக்கிறதே. உங்கள் எண்களை நம்பலாமா?’

அந்தக் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் சூப்பிரண்டு சாப்பிடவில்லை. பால் கெட்டுப்போவது வேறு, எண் கெட்டுப்போவது வேறு. தராசைக் கழற்றித் துடைத்தார்கள். பங்காவை நிரந்தரமாகக் கழற்றிப் போட்டார்கள். மைக்கேல்ராஜின் மேசையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். சிரட்டை அகப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலாம் நாள் சூப்பிரண்டு தெளிந்த முகத்தோடு பால்காரர்களை எல்லாம் கூட்டிப் பேசினார்.

“கொழுப்புக் கூடுவதும் குறைவதும் மாட்டின் சொந்த விவகாரம். அதில் கழகம் இனித் தலையிடாது. ஆனால் எண் ஒத்துப்போக வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் என்னை நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஆகையால் ஒவ்வொரு குடத்திலும் மேலே, நடுவே, அடியில் மூன்று மாதிரி எடுப்போம். மூன்று மாதிரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே மாதிரி இல்லாதது பால் அல்ல.”

முதல் நாளே விருமாண்டியின் குடம் ஊரை அசத்திவிட்டது. மேலே 1.1042, நடுவே 1.1042, அடியில் 1.1042. ஆடையை வீட்டில் வழித்த பாலில் மேலே ஏறுவதற்கு என்ன இருக்கிறது? சூப்பிரண்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, கொழுப்புக் குறைவுதான், ஆனால் நாணயமான குறைவு என்று பாராட்டினார். விருமாண்டிக்கு முதல் வகுப்பு வில்லை கிடைத்தது. அவன் முழியைப் பார்க்கணுமே! இது எதற்காக என்று அவனுக்கே கடைசிவரை விளங்கவில்லை.

நல்லகாமனுக்குச் சனிக்கிழமை வரைக்கும் தவணை. வரிசையில் நிற்கும்போது முழங்காலால் குடத்தை லேசாக ஆட்டிப் பார்த்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து மைக்கேல்ராஜ் பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே ஓடிவந்து பலகையைச் சுட்டிக் காட்டினார். கடைசியாக ஒரு தடவை நல்லகாமன் மாடி ஏறினான். கரண்டியைக் கையோடு கொண்டுபோய், மூணே மூணு சுத்து சாமி, கலக்கிட்டு எடுத்தா மூணும் ஒண்ணாத்தான் வரும், ஒரே ஒருக்கா பாருங்க என்று கெஞ்சினான். கிருபாகரன் அவனை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். அகப்பட்ட பிறகும் கலக்குவதையே பேசுகிறாயே அப்பா, தலைமுறைப் பழக்கம் லேசில் விடாது போலிருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறந்த பாலை ஒச்சாயி விற்பனைக்குக் கொடுக்கவில்லை, அப்படியே மூடி வைத்துவிட்டாள். சனிக்கிழமை விடியக்கருக்கலில் எடுத்துத் திறந்தாள். மேலே நாலு விரல்கடை ஆடை திரண்டு நின்றது. புருசனைக் கூப்பிட்டாள்.

“மேல ஏறுறதுதான குத்தங்கிறாக? ஏறுறத எடுத்துருவோம்.”

அவள் வழித்து எடுத்துச் சட்டியில் போட்டாள். குடம் நாலு விரல் குறைந்தது. குறைகுடத்தோடு போனால் ஆறாவது வீட்டுக்குப் பால் காணாது. ஒச்சாயி செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அதை மட்டும் நீங்களே செய்யுங்க என்றாள். செம்பைப் பிடித்துக்கொண்டு அவன் வெகுநேரம் நின்றான். அப்பன் செத்த அன்றைக்குக்கூட அவனுக்கு இப்படி வெட்கமாக இருந்ததில்லை; அன்றைக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. சீமாட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினான்.

கழகத்தில் மணி அடித்தது. மேலே 0.9137. நடுவே 0.9137. அடியில் 0.9137. நாலாவது தசமம்கூட அசையவில்லை. கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மனிதன் திருந்தியதை இன்று தராசிலேயே பார்த்தோம் என்றும், கழகம் எதற்காகத் திறக்கப்பட்டதோ அந்தக் காரியம் நிறைவேறிவிட்டது என்றும், சென்னைக்கு இன்றே எழுதப்போவதாகவும் சொன்னார். தன் கையாலேயே நல்லகாமன் துண்டில் முதல் வகுப்பு வில்லையைக் குத்திவிட்டார். விருமாண்டி வரிசையிலிருந்து, “அண்ணே, நீங்களும் நம்ம பக்கம் வந்துட்டீகளா?” என்று அன்பாகக் கேட்டான். சோணை மட்டும் குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அகப்பையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

நல்லகாமன் ஐந்து வீட்டுக்கும் ஊற்றினான். கரண்டியை எடுக்கவே இல்லை. கலக்க வேண்டிய அவசியம் இல்லாத பால் அது, முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

டீச்சர் வீட்டு வாசலில் பாத்திரம் வழக்கம்போல் இருந்தது. டீச்சர் உள்ளே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். பால் விழுகிற சத்தம் கேட்டதும் நின்றார். எட்டு வருஷமாகக் கேட்டுப் பழகின சத்தம், இன்றைக்குச் சலசலவென்று விழுந்தது. திரும்பி வந்து, குனிந்து, பாத்திரத்துக்குள் பார்த்தார்.

“பால் மாதிரி இருக்கு” என்றார் மெதுவாக. “பால்தானா, நல்லகாமன்?”

நல்லகாமன் நிமிரவில்லை. துண்டில் இருந்த வில்லையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“மாதிரி தேறிருச்சு டீச்சரம்மா.”

மறுநாள் காலையில் அந்த வாசலில் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டீச்சரும் நின்றுகொண்டிருந்தார்.